பாதிப் பாலம்

நடைபாலத்தைத் திறந்துவிட்டார்கள் என்று காலையிலிருந்து தெருவே கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருக்க, தையல்காரி மட்டும் மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நேற்றே முடித்த தலையணை உறை ஒன்றைப் பிரித்து மறுபடியும் தைத்துக்கொண்டிருந்தாள். அதில் பிரிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. கைக்கு வேலை இருந்தால் காலுக்கு யோசனை வராது என்பது அவள் கணக்கு.

"போகலையா?" என்றார் அவள் கணவர். வீடுகளுக்கு மின்சார ஒயர் இழுத்துக் கொடுப்பவர். தெருவில் அவருக்கு வயர்மேன் என்றே பெயர். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எங்க?"

"எங்கன்னு கேக்கற பாரு. அந்தப் பக்கம்தான்."

"பாலம் என்ன ஓடியா போயிடப் போகுது? மெதுவாப் போனா ஆச்சு."

"பாலம் ஓடாது. நீதான் ஓடிக்கிட்டு இருக்க," என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆற்றின் எதிர்க்கரையில் அவருக்குப் பழைய கேரம் கூட்டம் ஒன்று உண்டு. முக்கால் வருஷமாகப் பார்க்காத ஆட்களைப் பார்க்கப் போகிறவர், ஏதோ நேற்று விட்ட ஆட்டத்தைத் தொடரப் போகிறவர் மாதிரி விசிலடித்துக்கொண்டு போனார். ஆண்களுக்கு இதெல்லாம் எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அவளுக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான். எதிர்க்கரையில் இருக்கும் காஜா இன்னும் தன் சிநேகிதிதானா, இல்லை அந்தக் கதை எப்போதோ முடிந்துபோய்த் தனக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லையா என்ற பயம். பாலம் மூடிக் கிடந்த வரைக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் இல்லாமல் இருந்தது. பாலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக வருத்தப்படலாம். இன்றைக்குத் திறந்துவிட்டார்கள். இனிமேல் போகாமல் இருந்தால் அது பாலத்தின் குற்றம் இல்லை.

காஜா என்பது அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. சட்டையில் பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றி நூலால் கட்டுவதற்குக் காஜா எடுப்பது என்று சொல்வார்கள். அந்த வேலையைக் கையாலேயே செய்கிறவள் என்பதால் இரண்டு கரையிலும் அவளுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. இவள் சட்டை தைப்பாள். அவள் காஜா எடுத்துப் பொத்தான் கட்டித் தருவாள். பல வருஷமாக இதுதான் ஏற்பாடு. வேறு யாரிடமாவது கொடுத்தால் துளை எங்கெங்கே வர வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். காஜாவுக்குக் கோடு வேண்டாம். சட்டையை மடியில் விரித்ததுமே போடப் போகிற ஆள் ஒல்லியா தொப்பையா என்று கண்டுபிடித்துவிடுவாள். தொப்பைக்காரர் என்றால் ஒரு காஜா கூடுதலாக எடுப்பாள். ஏன் என்று கேட்டால், "உக்காந்தா நடுவுல வாயைத் திறக்கும்டி, பாவம்" என்பாள்.

இருவர் வீடும் ஆற்றை ஒட்டித்தான். இங்கிருந்து பார்த்தால் பாலத்துக்கு இடப்பக்கம் தையல்காரியின் மொட்டைமாடி. எதிர்க்கரையில் வலப்பக்கம் காஜாவின் மொட்டைமாடி. கூப்பிட்டால் கேட்காத தூரம், ஆனால் கண்ணுக்கு எட்டுகிற தூரம். மூட்டை தயாரானால் மாடிக் கொடியில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டுவார்கள். அதைப் பார்த்தவள் பதிலுக்குத் தன் மஞ்சள் துணியைக் கட்டுவாள். அதோடு இரண்டு பேரும் கிளம்பிப் பாலத்தின் நட்டநடுவில் இருக்கும் சிமெண்டு பெஞ்சுக்கு வந்துவிட வேண்டியது. பாதி இவள் நடை, பாதி அவள் நடை. யார் யாரைத் தேடி வந்தது, யார் வீட்டில் யார் எத்தனை தடவை டீ குடித்தது என்கிற பேச்சுக்கே இடம் கிடையாது. பெஞ்சில் மூட்டையைப் பிரிப்பார்கள், சட்டைகளை எண்ணுவார்கள், எண்ணிக்கொண்டே கணவன்மாரைத் திட்டுவார்கள், மாமியார் மாதிரியே பேசிக் காட்டுவார்கள், முட்டி வலிக்கு யாரோ சொன்ன எண்ணெயைப் பற்றிப் பேசுவார்கள். மூட்டை கட்டி முடிந்த பிறகும் பேச்சு முடியாது. இத்தனை வருஷத்தில் ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போனது கைவிரல் எண்ணிக்கைக்குக்கூட வராது. போக வேண்டிய தேவையே வரவில்லை. அவர்களுடைய சிநேகம் முழுக்க அந்தப் பெஞ்சில்தான் குடியிருந்தது.

அந்தப் பாலத்தைத்தான் தூண் பலவீனமாகிவிட்டது என்று ஒருநாள் மூடினார்கள். சாரம் கட்டி, மேலே கீழே பக்கவாட்டில் என்று பச்சை வலையால் மொத்தமாகப் போர்த்திவிட்டார்கள். வண்டிகள் போகிற பெரிய பாலம் ஊருக்கு வெளியே எங்கோ இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு பொழுதே போய்விடும்.

போன் இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லாமல், இரண்டு பேரிடமும் இருந்தது. முதல் வாரம் தினமும் பேசத்தான் செய்தார்கள். ஆனால் போனில் பேசுவதற்கு ஒரு விஷயம் வேண்டியிருக்கிறது. பெஞ்சில் எந்த விஷயமும் வேண்டியிருக்கவில்லை. "சாப்டியா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு." அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். "சரி, வேற?" என்பாள் ஒருத்தி. அந்த 'வேற'யைக் கேட்டாலே மற்றவளுக்கு என்னவோ போலிருக்கும். தினம் பேசியது வாரம் ஒருமுறை ஆயிற்று. அப்புறம் அவள் பேசட்டும் என்று இவளும், இவள் பேசட்டும் என்று அவளும் விட்டுவிட்டார்கள்.

இவர்கள் மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் ஆயிற்று. முன்பெல்லாம் ஆறு என்பது பாலத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீர். பாலம் போனதும் அது எல்லையாகிவிட்டது. பந்து விளையாடும் பிள்ளைகள் முன்பு ஒன்றாகக் கூடி ஆள் பிரித்துக்கொள்வார்கள். இப்போது இந்தக் கரைக்கு ஒரு அணி, அந்தக் கரைக்கு ஒரு அணி, இரண்டுக்கும் ஆடுவதற்கு எதிராளி இல்லை. "அந்தக் கரைக்காரங்களுக்குக் கொஞ்சம் திமிர் ஜாஸ்தி" என்று காய்கறிக் கடையில் ஒருத்தர் சொன்னார். அவருடைய சொந்த மச்சானே அந்தக் கரையில்தான் இருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் மூடி வைத்திருந்தால் அங்கே போய்வரப் பாஸ்போர்ட் கேட்டிருப்பார்கள்.

தையல்காரிக்கும் வேலை நிற்குமா? இந்தக் கரையிலேயே ஆள் தேடினாள். பின்தெருவில் மெஷினில் காஜா போடும் ஒரு பெண்மணி இருந்தார். இத்தனை வருஷமாக அந்தத் தெருவை அவள் தாண்டியதுகூட இல்லை. அவளுடைய உலகம் வாசலில் தொடங்கிப் பாலத்தில் ஏறிவிடும், பின்பக்கம் ஒரு தெரு இருப்பதே குப்பை வண்டி வந்தால்தான் நினைவுக்கு வரும். போய்ப் பார்த்தால் மெஷின் அக்கா நல்ல மனுஷி. கறாரானவர், ஆனால் நல்ல மனுஷி. காஜா ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. கோடு மட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை சாக்பீஸை எடுக்கும்போதும் தையல்காரிக்குத் துரோகம் செய்கிறவள் போல உள்ளுக்குள் ஒரு கூச்சம் வரும்.

அந்தக் கூச்சத்தையும் நூல்காரர் வந்து தீர்த்து வைத்தார். மொபெட்டில் நூல்கண்டும் பொத்தானும் கொண்டுவந்து விற்பவர் அவர். பெரிய பாலத்தைச் சுற்றி இரண்டு கரைக்கும் போய்வருகிற ஒருசிலரில் அவரும் ஒருவர். நூலோடு சேதியையும் கொண்டுவருவார், அதற்குத் தனியாக எதுவும் வாங்க மாட்டார்.

"உங்க சிநேகிதி இப்ப கடைத்தெரு டெய்லருக்கு எடுக்கறாங்கம்மா. நல்ல வேலை அங்க. ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போயிடுச்சு போல. ஒரே சிரிப்பும் பேச்சும்தான்."

"அப்படியா? சந்தோஷம்," என்றாள் தையல்காரி. அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, எதிர்க்கரையிலிருந்து இங்கே ஆபீஸுக்கு வந்துபோகும் ஒருவர் கால்சட்டை நீளத்தைக் குறைக்க வந்தார். அவர் போட்டிருந்த சட்டையின் முதல் பொத்தான் துளையைப் பார்த்ததும் இவளுக்குக் கை நின்றுவிட்டது.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொத்தான் பட்டியைக் கொஞ்சம் திருப்பிக் காட்டறீங்களா?"

அவர் மிரண்டுபோய்த் திருப்பிக் காட்டினார். துளையின் உள்பக்க ஓரத்தில் எள்ளளவுக்கு ஒரு முடிச்சு. அது காஜாவின் கை. வேறு யாரும் அந்த முடிச்சைப் போட மாட்டார்கள். அடுத்தவர் தைத்த சட்டையில் அந்த முடிச்சு உட்கார்ந்திருந்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. தான் மட்டும் மெஷின் அக்காவிடம் போகவில்லையா என்ற நியாயம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. நியாயம் எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் வரும். அன்றோடு அவள் போன் செய்வதை அடியோடு நிறுத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்தும் போன் வரவில்லை.

அந்தக் கதையெல்லாம் இன்றைக்குத் தலையணை உறையோடு சேர்ந்து தையலாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவையாகப் பிரித்தபோது துணி கிழிந்தேவிட்டது. "சனியன்" என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, துவைத்த துணி வாளியோடு மாடிக்குப் போனாள். இத்தனை மாதமும் அவள் மாடியில் துணி உலர்த்துவது ஆற்றுக்கு முதுகைக் காட்டித்தான். அந்தப் பச்சை வலையைப் பார்த்தால் வயிறு எரியும். இன்றும் பழக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டே இரண்டு துணியைப் பிழிந்து போட்டாள். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. காற்றில் வலை படபடக்கும் சத்தம் இல்லை. திரும்பினாள்.

வலையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். எதிர்க்கரை அப்படியே பளிச்சென்று நின்றது. கண் தானாக வலப்பக்கம் போயிற்று. காஜாவின் மாடி. அந்தக் கொடியில் ஒரு துணி கட்டியிருந்தது.

மஞ்சள் என்று தெரிந்தவர்கள்தான் அதை மஞ்சள் என்று சொல்வார்கள். வெயிலும் மழையும் நிறத்தையெல்லாம் உறிஞ்சி, பழைய பல் மாதிரி ஆக்கி வைத்திருந்தன. ஓரம் நார் நாராகப் பிரிந்து தொங்கிற்று. வேறு யாராவது பார்த்தால் கந்தல் என்று போயிருப்பார்கள். இவள் துணியோடு பிழைப்பவள். இது நேற்றுக் கட்டியது இல்லை, போன மாதம் கட்டியதும் இல்லை. பாலம் மூடிய காலத்திலிருந்து அந்தக் கொடியிலேயே காய்ந்திருக்கிறது.

தையல்காரி கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டாள். அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் வலைக்கு அந்தப் பக்கம் அந்தத் துணி இருந்திருக்கிறது. வா, வா என்று கூப்பிட்டபடியே இருந்திருக்கிறது. இவள் இங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அழுகை வந்தது. அழுதாள். யார் பார்க்கிறார்கள், பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஈரத் துணிகள் பாதி வாளியிலேயே கிடக்க, புடவையைக்கூட மாற்றாமல் கிளம்பினாள். பதிலுக்கு மஞ்சள் துணி கட்ட வேண்டும் என்பது படியிறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. அவளுடைய துணி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. மெஷின் துடைக்கிற துணிகளோடு அது சேர்ந்து வெகு நாளாகியிருந்தது.

பாலம் முழுக்கக் கூட்டம். கைப்பிடிக்குப் புது நீலப் பெயிண்ட். தொட்டவர்கள் எல்லாம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இந்தக் கரைக்காரர்கள் இங்கிருந்தும் அந்தக் கரைக்காரர்கள் எதிரிலிருந்தும் வந்து நடுவில் முட்டிக்கொண்டு நின்று, "என்னப்பா, ஆளே மாறிட்டியே" என்று தோளில் அறைந்துகொண்டிருந்தார்கள். காய்கறிக் கடையில் திமிரைப் பற்றிச் சொன்னவர் மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். தையல்காரி யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள். பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டால் போதும். காஜா வருவாள். வந்ததும் என்ன சொல்வது என்று மட்டும் யோசிக்க வேண்டும்.

நடுவில் பெஞ்சு இல்லை.

தாண்டி வந்துவிட்டோமோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள். இல்லை, இடம் இதுதான். தரையில் நான்கு சதுரம் புது சிமெண்டு பூசியிருந்தது. அங்கே நின்ற மேஸ்திரி ஒருவரிடம் கேட்டாள்.

"பெஞ்சுங்களா? எடுத்தாச்சும்மா. ஜனங்க உக்காந்துக்கிட்டு வழியை மறைக்கறாங்கன்னு இன்ஜினியர் வேணாம்னுட்டாரு."

"நாங்க யார் வழியை மறைச்சோம்?" என்றாள் தையல்காரி.

பாவம், மேஸ்திரி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்.

இப்போது என்ன செய்வது? நின்று காத்திருக்கலாம் என்றால், நிற்கிற இடத்தில் நாலு பக்கமும் ஆட்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். காஜா வருகிற மாதிரியும் தெரியவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். துணி கட்டியிருக்கிறாளே, பாலம் திறந்ததும் அவளல்லவா முதலில் ஓடி வந்திருக்க வேண்டும்? ஒருவேளை எப்போதோ கட்டிவிட்டு, அப்புறம் கோபத்தில், இனி அவிழ்க்கக்கூட அதைத் தொட மாட்டேன் என்று விட்டுவிட்டாளோ? திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. பாதி வரைக்கும் வந்தாயிற்று. அவள் பங்கு நடை முடிந்தது. ஒப்பந்தப்படி மீதி காஜாவுடையது. யாரும் இவளைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல முடியாதுதான். ஆனால் வீட்டுக்குப் போய் அந்தக் கிழிந்த தலையணை உறையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை நினைத்ததுமே கால் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

காஜாவின் வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது. கூடத்தில் ஜன்னல் வெளிச்சத்தில், மூக்கு நுனியில் கண்ணாடியும் கழுத்தில் நூலுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். முன்தலையில் நரை தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தவள், பார்த்தபடியே ஊசியைக் கையிலிருந்த சட்டையில் குத்தி வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"வா," என்றாள். ஒரு எழுத்துதான். அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பாலம் தொறந்துட்டாங்க," என்றாள் தையல்காரி.

"தெரியும். காலைலருந்து ஒரே சத்தம்."

"தெரிஞ்சும் உள்ளயே உக்காந்திருக்க?"

"நீ எங்க உக்காந்திருந்த?"

"தலையணை உறை ஒண்ணு தச்சுக்கிட்டு இருந்தேன்."

"தலையணை உறைக்கு இன்னிக்கு என்ன அவசரம்?"

"ஒண்ணும் இல்ல. தச்சுத் தச்சுப் பிரிச்சேன். கிழிஞ்சுபோச்சு."

காஜா மடியில் இருந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "காலைலருந்து இந்த ஒரு காஜாவைத்தான் எடுக்கறேன். முடிக்கறேன், அறுக்கறேன். இந்த மனுஷனுக்குப் பொத்தான் நிக்காது இனிமே, ஓட்டை அவ்வளவு பெரிசாயிடுச்சு." சொல்லும்போதே அவளுக்கு உதடு கோணிற்று. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தீர்மானம் இல்லை. "மூட்டை எங்க?"

"மூட்டை இல்ல."

"பின்ன எதுக்கு வந்த?"

"சும்மா வந்தேன்," என்றாள் தையல்காரி. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர்களில் ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொல்லாத வார்த்தை அது.

அதற்குமேல் காஜா விடவில்லை. எழுந்து வந்து பிடிபிடியென்று பிடித்தாள். "சும்மா வர உனக்கு இவ்வளவு நாளாச்சா? பின்தெருவுல மெஷின் வச்சிருக்கறவதான் இப்ப உனக்கு உயிராமே? நூல்காரர் சொன்னாரு. சந்தோஷம்னு சொல்லி அனுப்பினேன்."

"நானும்தான் சந்தோஷம்னு சொன்னேன். கடைத்தெரு டெய்லரோட ஒரே சிரிப்பாமே."

"அவரா? அந்த ஆளுக்குக் காது கேக்காது. நான் திட்டறதுக்கெல்லாம் சிரிப்பாரு. கூட நானும் சிரிச்சுத் தொலைக்கணும்."

இரண்டு பேரும் நூல்காரரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்கள். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. தையல்காரிக்கு மூச்சு இப்போதுதான் ஒழுங்காக இறங்கிற்று. தோளில் இத்தனை மாதமாக யாரோ கை வைத்து அழுத்திக்கொண்டிருந்து, இப்போது எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். செம்பு காலியான பிறகு சொன்னாள்:

"ஆனா உன் மனசு எனக்கு வராதுடி. நான் கட்டவே இல்ல. நீ இவ்வளவு நாளும் அவுக்காம வச்சிருந்தியே. அதைப் பாத்துட்டுத்தான் ஓடி வந்தேன்."

"எதை?"

"துணியைத்தான். மஞ்சள் துணி."

"எந்தத் துணி?" என்றாள் காஜா.

தையல்காரி அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கதவு திறக்க அடம்பிடித்தது, தாழ்ப்பாள் துருவேறியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தார்கள். மாடி முழுக்கச் சருகு. கொடியில் அந்தக் கந்தல் தொங்கிற்று. காஜா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடக் கடவுளே. இது இன்னும் இங்கேயா இருக்கு?"

"அப்ப நீ..."

"பாலத்தை மூடின அன்னிக்குக் காலைல கட்டினதுடி. மூட்டை ரெடின்னு. மத்தியானம் வலையைக் கட்டிட்டாங்க. மூட்டையை நூல்காரர்கிட்ட குடுத்தனுப்பினேனே, ஞாபகம் இல்ல? துணியை மறந்தே போயிட்டேன்."

"முக்கால் வருஷமாவா மறந்துபோச்சு? துணி காயப்போட மாடிக்கு வர மாட்டியா?"

"வாசல்ல கொடி கட்டிட்டேன்." காஜா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தாள். "வந்தா உன் வீடு இருக்கற பக்கம் பச்சையா அதுதான் தெரியும். எனக்குப் பாக்கப் பிடிக்கல. ரெண்டாம் நாளோட மாடிக் கதவைச் சாத்தினதுதான்."

தையல்காரிக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு கணம்தான். அப்படியானால் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே பாலம் முழுக்க நடந்து வந்திருக்கிறாள். வந்த இடத்தில் கதவும் திறந்திருந்தது. அதை நினைக்க நினைக்க வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பிற்று. கந்தல் துணியைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே காஜாவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சருகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அங்கிருந்து பார்க்க, எதிர்க்கரையில் தையல்காரியின் மாடி தெரிந்தது. பாதி உலர்த்திய துணியும் வாளியும்கூடத் தெரிந்தன.

"வாளியை ஏன்டி அப்படிப் போட்டுட்டு வந்த?" என்று கேட்டாள் காஜா. "சரி, பெஞ்சுலயாவது கொஞ்ச நேரம் உக்காந்தியா, நேரா வந்துட்டியா?"

"பெஞ்சா? அது போயே போச்சு. உக்காந்து வழியை மறைக்கறோமாம்."

காஜாவுக்கு முகம் மாறிவிட்டது. இன்ஜினியரையும் அவர் படித்த படிப்பையும் விஸ்தாரமாக விசாரித்து முடித்த பிறகு, நிஜமான கவலையோடு கேட்டாள்: "அப்ப இனிமே மூட்டையை எங்க பிரிக்கறது?"

"ஏன், இங்க பிரிச்சா ஆகாதா? இல்லாட்டி அங்க."

"முழுப் பாலமும் நடக்கணுமே."

"நான் நடந்து வரல?" என்றாள் தையல்காரி.

காஜா எழுந்துபோய்க் கொடியில் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். துணி கையோடு கிழிந்து வந்தது. முடிச்சு மட்டும் கொடியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை வயர்மேன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூடத்தில் மெஷின் அக்கா உட்கார்ந்து, தையல்காரி போட்டுக் கொடுத்த கோடு வளைந்திருக்கிறது என்று கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரி மாடிக்குப் போகவும் இல்லை, துணி எதையும் கட்டவும் இல்லை. வாசலில் நிழல் தட்டியது. வயர்மேன் எட்டிப் பார்த்தார். மூச்சு வாங்க, உள்ளங்கையெல்லாம் நீலப் பெயிண்டோடு காஜா நின்றாள்.

"அடடே, வாம்மா. மூட்டை எங்க?" என்றார் அவர்.

"ஏண்ணா, மூட்டை இல்லாம நான் வரக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே காஜா அவரைத் தாண்டி உள்ளே போய், மெஷின் அக்காவுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.